ஜெசிந்தா அக்காவுக்கு நான் வாசித்துச் சொன்ன கமெண்ட்

இன்று காலை மீன் வாங்கப் போனேன். பத்து வருஷமாக ஜெசிந்தா அக்காவிடம்தான் வாங்குகிறேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையில் துடைத்து, ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் போனை நீட்டினார்.

"அண்ணாச்சி, எங்க அக்கா மவ கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கால்லா. அவ போட்டோவுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்காவ. எனக்கு வாசிக்கத் தெரியாது. மேல இருக்கத மட்டும் சொல்லுங்க."

மேலே இருந்தது என்னுடைய கமெண்ட். எங்கள் கட்சிக்காகப் பொய்ப் பெயரில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து நேற்று போட்டது.

"மீன் நாத்தம் பிடிச்ச கையில பதவியைக் கொடுத்தா ஊரே மூக்கைப் பொத்தணும்."

அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"வாழ்த்துகள் தங்கச்சின்னு போட்டிருக்கு" என்றேன்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, என் பையில் இரண்டு கை சாளை மீனைக் கூடுதலாக அள்ளிப் போட்டார். "ஓட்டுக் கேக்கப் போயிருக்கா. வந்ததும் அவளையும் வாசிக்கச் சொல்லுதேன்."

தெருமுனை தாண்டுவதற்குள் கமெண்டை அழித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் அதை நேற்றே வாசித்திருப்பாள். சித்தியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். அந்தக் கமெண்டுக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்திலும் இருக்கிறீர்கள்.

நீங்களெல்லாம் யாரிடம் மீன் வாங்குகிறீர்கள்? கீழே சொல்லுங்கள்.