நிழலை நம்பி வீடு மாறினோம்

ஜனவரி 18, ஞாயிறு. ஆறு மணிக்கு எழுந்தேன். புனேயின் ஔந்தில் இன்னும் ஸ்வெட்டர் குளிர். நடந்துவிட்டு வரும் வழியில் காய்கறி விற்கும் பாஜிவாலாவிடம் மேத்திக் கீரையும் மட்டர் பட்டாணியும் வாங்கினேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு, நிறவாரியாக மாட்டினேன். ஒன்பது மணிக்கு இட்லி. வழக்கமான ஞாயிறுதான்.

ஒரே ஒரு வித்தியாசம்... இட்லி இறங்கவில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு அர்வேலாவின் அடுத்த கதையை அறிவிக்கப் போகிறார்கள்.

அர்வேலா ஒரு ஆன்லைன் விளையாட்டு. மந்திரவாதிகள், டிராகன்கள், பேசும் ஆறுகள் எல்லாம் உண்டு. எப்போதாவது ஒருமுறை புது நிலமும் புதுக் கதையும் சேர்ப்பார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே ஒரு சின்ன டீசர் விடுவார்கள். அதை வைத்து, அடுத்து என்ன வரும் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஆம், உடைத்துக்கொள்வோம். ஐம்பது தாண்டிய ஆசாமிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? கிரிக்கெட்டில் அடுத்த கேப்டன் யார் என்று நீங்கள் டீக்கடையில் சண்டை போடுவதில்லையா?

எங்கள் குழுவில் நான்கு பேர். நான், என் மனைவி மைதிலி, கோர்படி ரயில்வே காலனியில் இருக்கும் மதுரைக்காரர் செல்வம், கோந்த்வாவில் இருந்து ஸ்கூட்டரில் வரும் கோயம்புத்தூர்ப் பெண் ப்ரியா. விளையாட்டுக்குள் எங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு வீடு. தெற்கு மலையில் இருந்தது. பின்னால் மைதிலியின் தோட்டம். நீல முல்லை, இரவில் ஒளிரும் பாகல், பழுக்கவே ஒரு வருடம் எடுக்கும் தீக்கனி மரம். எல்லாம் அவள் கைப்பட வளர்த்தது.

தீபாவளி சமயத்தில் டீசர் வந்தது. ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் புல்வெளி, அவ்வளவுதான். நான் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படும். பட்டது. சூரியன் தெற்கே நிற்கிறது. கோபுரத்தின் நிழலும் தெற்கு நோக்கியே விழுகிறது. எப்படி? வடக்கே இன்னொரு வெளிச்சம் இருந்தால்தானே? அர்வேலாவின் பழங்கதையில் வடகடலில் மூழ்கிய இரண்டாம் சூரியன் ஒன்று உண்டு. ஆக, அடுத்த கதை வடகரையில்தான் தொடங்கும்.

படம் வரைந்து, கோணம் அளந்து, இணைய ரசிகர் மன்றத்தில் போட்டேன். பாராட்டு குவிந்தது. யாரோ அதை போர்த்துக்கீசிய மொழியில் கூடப் பெயர்த்தார்கள்.

செல்வம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, தெக்கு மலையில ஒரு பெரிய கதவு ரொம்ப நாளா பூட்டிக் கெடக்கு. கதவுன்னு ஒண்ண வச்சா தெறக்கத்தான வைப்பாங்க?"

"ஆதாரம் இருக்கா?"

"கதவே ஆதாரந்தான்ணே."

இப்படியெல்லாம் வாதிட்டால் என் தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைக் கூட வெளியே அனுப்ப முடியாது.

கதை தொடங்கும் இடத்தில் வீடு இருந்தால் லாபம். முதல் நாளே முன்னால் நிற்கலாம். ஆனால் வீட்டை மாற்றினால் பழைய மனையை அப்போதே வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். செடிகளைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. அதனால் முடிவை மைதிலியிடம் விட்டோம். என் படங்களைக் காட்டி விளக்கினேன். அவள் பாதியிலேயே, "மாத்திடலாங்க" என்றாள். எனக்குப் பெருமை. ஆதாரம் என்றால் இதுதான் ஆதாரம்.

காலண்டரில் நல்ல நேரம் பார்த்து வடகரைக்குக் குடிபோனோம். அங்கேயும் ஒரு அடுப்பு இருக்கிறது, பால் குடமும் கிடைக்கிறது. விடுவோமா? மைதிலி பாலைக் காய்ச்சினாள். ஆனால் அந்த விளையாட்டில் பால் கொதிக்கும், பொங்காது. நான்கு மந்திரவாதிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"பொங்காத பாலுக்கு எப்ப கும்புடுறதுண்ணே?" என்றார் செல்வம்.

"உத்தேசமா இப்பக் கும்பிட்டுக்கலாங்ணா" என்றாள் ப்ரியா.

அதன்பிறகுதான் பயம் வந்தது. என் கணக்கு தப்பினால்? போவது என் மானம் மட்டுமில்லை, மைதிலியின் தோட்டம். இட்லி இறங்காதது அதனால்தான்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் எங்கள் ஹாலில். கீழே கடையில் இருந்து மிசல் பாவ் வந்திருந்தது, காரமான பயறுக் குழம்பும் பன் ரொட்டியும். டிவியில் அர்வேலாவின் வரைபடம் விரிந்தது. கேமரா வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். கடற்கரை தெரிந்தது... கேமரா அப்படியே வளைந்து திரும்பி, விறுவிறுவென்று தெற்கே போய், மலையில் நின்றது.

கதவு திறந்தது.

செல்வம் பாவ் ரொட்டியைப் பிய்த்து மிசலில் தோய்த்து, நிதானமாக மென்றார். அது இன்னும் வலித்தது.

கேள்வி நேரத்தில் யாரோ அந்த நிழலைப் பற்றிக் கேட்டார்கள். வடிவமைப்பாளர் சிரித்தார். அது ஓவியரின் தவறாம். இந்த வாரமே சரிசெய்து விடுவார்களாம்.

திரும்பி மைதிலியைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. மடியில் லேப்டாப். அதில் வடகரை மணல்.

"மைதிலி... உன் தோட்டம் போச்சே. என்னை நம்பித்தானே..."

"ஏங்க, அந்த நிழல் கதையை நான் நம்பினேன்னு யார் சொன்னா?"

"பின்ன ஏன் சரின்னே?"

"கடல் பார்த்த வீடுன்னீங்க. நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணம் ஆகி பூனா வந்ததுல இருந்து ஜன்னலைத் தெறந்தா மலை. கேம்லயும் மலையா?"

"தீக்கனி மரம்?"

"பழுக்க ஒரு வருஷம். தின்னா கசக்குது."

செல்வம் சிரித்ததில் புரையேறிவிட்டது. ப்ரியா தண்ணீர் கொடுத்துக்கொண்டே தன் போனில் பழைய இடத்தைப் பார்த்தாள். கதவு திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஊரே அங்கே கூடிவிட்டது. எங்கள் பழைய வாசலில் ஒருவர் தோளில் ஒருவர் நிற்கிறார்கள். நீல முல்லை மேல் ஒரு டிராகன் உட்கார்ந்திருக்கிறது.

"பண்டிகைக்கு முந்தின நாள் பிளாட்பாரம் மாதிரில்ல இருக்கு" என்றார் செல்வம், ரயில்வே நிபுணராக. "தப்பிச்சோம்ணே."

நான் யோசித்தேன். ஊகம் சரியாக இருப்பது ஒரு மதியத்துச் சந்தோஷம். ஊகிப்பதோ தீபாவளியில் இருந்து சங்கராந்தி வரை ஓடிய சந்தோஷம். வேலையில் ஒரு பிழையைக் கண்டால் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். இங்கே ஒரு பிழையின் மேல் குடும்பத்தோடு வீடு கட்டியிருக்கிறேன். காற்று நன்றாகத்தான் வருகிறது.

இதற்குள் ப்ரியா புது டிரெய்லரை மறுபடி ஓடவிட்டாள். "சார், கதவுக்கு உள்ள மூணு படி தெரியுதுங்க. பழைய ஓவியத்துல நாலு படி இருந்துச்சு."

"அதுவும் ஓவியர் தப்பாத்தான் இருக்கும்" என்றேன், பட்டவன் என்ற முறையில்.

நாற்காலியை ப்ரியா பக்கம் இழுத்துப் போட்டேன்.

"...எதுக்கும் அந்த இடத்துல நிறுத்தும்மா, பார்ப்போம்."

சாயங்காலம் அவர்கள் போன பிறகு மைதிலி மணலில் ஒரு கன்று நட்டாள். உப்புப் புன்னை. வடகரையில் வளர்வது அது ஒன்றுதான். முதல் வாரம் முழுக்க விடியும் முன்பே தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது என்று குறிப்பில் போட்டிருந்தது. "அந்நேரத்துக்கு யார் எழுந்திரிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பல் தேய்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.