மெசினுக்கு ஊற்றிய தண்ணீர்

1. முதல் வாளி

மெசின் நின்றுவிட்டது என்று கொடிகாமத்துக் கந்தையா அண்ணை ஆள் அனுப்பினார். அது 1960களின் நடுப்பகுதி. அவருடைய மிளகாய்த் தோட்டம் வாடிக் கிடந்தது. நான் தண்ணீர்ப் பம்பு மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் வேதம் வாசிக்கிறவன்.

பம்பு இழுக்க வேண்டுமானால் முதலில் அதன் வாயில் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். ஒரு வாளி அள்ளினேன். வேலிக்கு அப்பால் வள்ளி குடத்தோடு நின்றாள். அவளுடைய சாதியார் அந்தக் கிணற்றைத் தொடக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும்.

“ஐயா, விடியத் தொட்டு நிக்கிறன். மனுசனுக்குக் காய்ச்சல். நீங்கள் வேதக்காரர்தானே, ஒரு வாளி ஊத்திவிடுங்கோவன்.”

“உவளுக்கு ஊத்தினால் நாளைக்கு முழுப்பேரும் வந்து நிப்பினம். நீ மெசினைப் பார்” என்றார் கந்தையா அண்ணை.

பார்த்தேன். கையிலிருந்த வாளியை மெசினுக்கு ஊற்றினேன். ஓடியது. நிமிர்ந்தபோது அவள் இல்லை. வயலில் கட்டில்லாத துரவில் தண்ணீர் அள்ளப் போய், சறுக்கி விழுந்து செத்தாள் என்று மறுநாள் சந்தையில் சொன்னார்கள்.

2. நிரம்பாத குடம்

அவள் செத்த எட்டாம் நாள் கந்தையா அண்ணை மறுபடி கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. “மத்தியானத்திலை மட்டும் உது இழுக்குதில்லையடா.”

குழாயின் அடியில் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். பழுதில்லை. குழாயில் ஒழுக்கில்லை. நல்ல வெயிலில் ஒரு வாளி ஊற்றினேன். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. கீழே மண் காய்ந்திருந்தது. வேலிக்கு அப்பால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெறும் மணல். ஒன்பது வாளி ஊற்றினேன். குடம் நிரம்பி வரும்போது சத்தம் மாறும். அது மாறவேயில்லை.

ஸ்பானரைப் போட்டுவிட்டு, பத்தாவது வாளியோடு வேலிப் படலையைத் திறந்தேன்.

“எடேய், என்ரை வாளியை வை! அங்கை கொண்டுபோனால் திருப்பிக் கொண்டு வராதை!”

“கொண்டு வரமாட்டன்.”

வள்ளியின் குடிசையில் அவள் புருசன் பாயில் கிடந்தான். தலையைத் தாங்கிக் குடிக்கக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டான்.

“ஆர் அள்ளினது?”

“நான்தான்.”

“அவள் வந்து நிண்ட அண்டைக்கு?”

வாளியை அவன் பாயருகே வைத்தேன்.

அந்த மெசின் பிறகு ஓடியதா என்று கேட்காதீர்கள். நான் திரும்பிப் போகவில்லை. அயலானை நேசி என்று எத்தனையோ ஞாயிறு உரத்து வாசித்தேன். வாயால் வாசித்தேன், அவ்வளவுதான். தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, வளவுக்குள் போனதும் மெசினைப் பார்க்காதீர்கள். வேலிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். முதல் வாளி அவருக்கு.