மறியலில் மாட்டிய நிறைமாதக்காரி

சேலை கட்டிய ஆண் கண்ணைச் சிமிட்டினாலே சிரிப்பு வரும் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் நம்பிய காலம். என் பெரிய மூக்கை நம்பி, ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நிறைமாத மருமகள் வேடம் கொடுத்திருந்தார்கள்.

கல்வராயன் மலையில் காலைக் காட்சிகள் முடிந்தன. மீதி கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில். ஒப்பனையைக் கலைத்தால் மறுபடி போட நேரமாகும் என்று, வயிற்றில் கட்டிய தலையணையோடு என்னைக் காரில் ஏற்றிவிட்டார்கள். என் சட்டையும் லுங்கியும் முன்னால் போன வேனில்.

மலையிறங்கியதும் சாலையின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம் ஒன்று கிடந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. மரத்தின் இருபுறமும் ஊரே உட்கார்ந்திருந்தது. போலீசார் வேடம் மாற்றி வந்து ஆள் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பக்கமெல்லாம் வதந்தி. சேலைக்குள் ஆண் என்று தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள்?

ஓட்டுநர் தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைப்பவர். தலையை வெளியே நீட்டினார்.

“எங்க அக்காங்க. வலி வந்துடுச்சி, ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன்.”

அவ்வளவுதான். நாலைந்து பெண்கள் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள்.

“இன்னாம்மா, தலப்பிரசவமா?”

மேடையில் கிளியாய்க் கொஞ்சும் என் பெண்குரல் தொண்டையிலேயே படுத்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

“வண்டி தாண்டாதுடி. கைத்தாங்கலா அந்தாண்ட இட்டுக்கினு போயி டிராக்டர்ல ஏத்துங்க” என்றாள் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி. இன்னொருத்தி என் வயிற்றைத் தொட்டுவிட்டு, “இன்னாடி இவ்ளோ மெத்துன்னு இருக்குது?” என்றாள். நான் முனகினேன். அது நடிப்பில்லை.

மரத்தைத் தாண்டும்போது கால் சேலையில் சிக்கியது. யோசிக்காமல் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி, லுங்கியைப்போல மடித்துக் கட்டி, ஒரே தாண்டு. அந்தப் பக்கம் மறியலுக்குத் தலைமை தாங்கிய பெரியவர் எழுந்து வந்தார். அவரைக் கண்டதும் என் கைகள் என்னைக் கேட்கவில்லை. மடிப்பை மரியாதையாக அவிழ்த்துப் பாதம்வரை தொங்கவிட்டு, “வணக்கங்க” என்றேன், சொந்தக் குரலில்.

என்னைத் தாங்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

“போலீசா நீ?” என்றார் பெரியவர்.

“இல்லிங்க. ஷூட்டிங்குங்க, காமெடிங்க.”

பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் பச்சைச் சேலைக்காரி முந்திக்கொண்டாள்.

“போலீசா இது? காலப் பாருங்க, எப்பிடி ஆடிக்கினு இருக்குது! போலீசு வந்தா நம்ம காலு இல்ல ஆடும்?”

கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிப்பை மறைக்கத் துண்டால் முகம் துடைத்தார். பிறகு விறைப்பாக, “ஆஸ்பத்திரி வண்டின்னா வுடுவோம். ஷூட்டிங் வண்டிய வுட மாட்டோம். போய் நெழல்ல குந்து” என்றார்.

அடி இல்லை! அவர் காலில் விழப் போனேன், தலையணை இடித்தது. உருவி வெளியே எடுத்தேன்.

“பொறந்துடுச்சிடி! ஆணா, பொண்ணா?” என்று ஒரு குரல்.

கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். “எம்புள்ள படிச்சிட்டு வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கான். அதுக்குத்தான் நாங்க இங்க குந்திக்கினு இருக்கோம்” என்றாள் பச்சைச் சேலைக்காரி.

மாலை வரை நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். படப்பிடிப்பு போச்சு. இயக்குநர் திட்டுவார். திட்டத்தானே செய்வார்! இன்னொரு சொம்பு கூழ் கேட்டு வாங்கிக் குடித்தேன்.