மாமன் மடி

சூரமங்கலத்தில் அப்பாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். இரண்டே அறை. நான் ஒருத்தி படுத்தும் பாடு போதாதென்று, பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் போன குழந்தைகளையும் அம்மா வாங்கி வளர்த்தார். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அழைத்து வந்து விடுவார்கள்; சொந்தக்காரர் யாராவது கிடைத்தால் திரும்ப அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு குழந்தை போனபிறகும் அம்மாவுக்குச் சோறு இறங்காது. "இனிமே வேண்டாம்" என்பார் அப்பா. அடுத்த குழந்தை வந்ததும் பால் வாங்க ஓடுவதும் அவரேதான்.

அப்படிக் கைக்குழந்தையாக வந்த ஒருத்தி எங்கள் வீட்டிலேயே நடக்கவும் பேசவும் கற்றாள். பெற்றவர்கள் இருவருமே இல்லை. அவளுக்குக் காது குத்தியே தீருவதென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் பக்கம் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில்தான். மடி கொடுத்தவர் அவள் கல்யாணம் வரைக்கும் சீரோடு முன்னால் வந்து நிற்க வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து வந்த அம்மாவின் தம்பி, விஷயத்தைக் கேட்டதும் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார்.

"ஏனக்கா, நாளைக்கே பேப்பரு போட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்க. நான் எப்படி மாமனாவறது?"

"அதுக்குத்தான்டா சொல்றேன். பேப்பரு போட்டு என்னைய மாத்தலாம். மாமன் மடிய எப்படி மாத்துவாங்க?"

மாமா முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஊசி பட்டதும் அவள் வீறிட்டு அவர் வேட்டியை நனைத்தாள். "மொதச் சீர இப்பவே வாங்கிட்டா பாரு" என்று அம்மா சிரித்தார்.

காதுப் புண் ஆறுவதற்குள் அவளுடைய அத்தை கிடைத்துவிட்டார், ஆத்தூர்ப் பக்கம். அழைத்துப் போக வந்தவரிடம் அம்மா நிதானமாகத்தான் பேசினார். "காது இன்னும் ஆறலீங்க. தேங்காயெண்ணெயில மஞ்சளக் கொழச்சுப் போட்டு உடுங்க." காது குத்தியபோது எடுத்த போட்டோவையும் கொடுத்தனுப்பினார். கதவைச் சாத்தியபிறகுதான் வாய்விட்டு அழுதார். அந்த அலுவலகத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நியாயமில்லாத கோபம், தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

வருஷங்கள் ஓடி, போன தையில் அந்த அத்தை அவளுடைய கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். பெண்ணைப் பெற்றவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லையாம். போட்டோவில் இருக்கும் மாமாதான் வேண்டுமென்று சொல்லிவிட்டாளாம். மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி. "அன்னைக்கே சொன்னனா இல்லயா?" என்று போனில் அம்மாவைத் திட்டிவிட்டு, பட்டுச்சேலையும் பழத்தட்டுமாக வந்து சேர்ந்தார்.

மண்டபத்தில் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மாமனுக்கு ஒரு முறை, அத்தைக்கு ஒரு முறை, வளர்த்தவளுக்கென்று ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். மேடையேறிய மாமா தட்டைக் கொடுக்காமல் நின்றார்.

"எங்கக்கா இல்லாம நான் எப்படிங்க மாமன்? மொதல்ல அவளக் கூப்புடுங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தடுமாறி மேலே போனார். காலில் விழப் போனவளைத் தூக்கி நிறுத்தி, ஜிமிக்கியை விலக்கிக் காதைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா ஆறிருச்சா சாமி?" என்று கேட்டார்.