காமாட்சியின் பூட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. காரணம், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமான். அதன் பெயர் டாங்கிள்.

இங்கே கல்கத்தாவில், பெஹாலா பக்கம் இருக்கும் காமாட்சிதான் என் கையெழுத்தைப் புரிந்துகொண்டு கம்ப்யூட்டரில் அடித்துச் சென்னைக்கு இமெயில் அனுப்புகிறாள். திருநெல்வேலிக்காரி. கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். கல்கத்தாத் தமிழர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, பொங்கல் விழா நோட்டீஸ் எல்லாம் இவள் வீட்டு முன்னறையில்தான் தயாராகும்.

அவளுடைய தமிழ் சாஃப்ட்வேர் ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் பின்னால் அந்த டாங்கிள் சொருகியிருக்க வேண்டும். திருட்டு காப்பி போடாமலிருக்க கம்பெனி வைத்த பூட்டு. ஒருநாள் கரண்ட் ஏறி இறங்கியதில் அது செத்துப்போனது. போன் போட்டால் கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பழைய மாடலுக்கு டாங்கிள் கிடையாது... புது சாஃப்ட்வேரை முழு விலை கொடுத்து வாங்குங்கள்.

சரி, வேறு கம்பெனியின் தமிழ் சாஃப்ட்வேரில் அடித்ததைத் திறந்து பார்க்கலாமே? பார்த்தாள். திரை முழுக்க கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும். நம் ஊரில் கம்பெனிக்கு ஒரு தமிழ். ஒருவர் எழுத்து இன்னொருவருக்குப் புரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் வங்காளி பாப்பிதாவும் உதட்டைப் பிதுக்கினார். “ஹோபே நா, பௌதி.” நடக்காது, அண்ணி.

“நான் அடிச்ச எழுத்துக்கா. என் வீட்டுப் பொட்டியிலதான் இருக்கு. நான் பாக்கக் கூடாதுன்னு எவனோ பூட்டி வச்சிருக்கான், பாத்தியளா?” என்றாள் காமாட்சி. பாதி முடித்த பொங்கல் மலர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் யார் இவளிடம் வருவார்கள்?

பாப்பிதாதான் அமெரிக்க கேஸைப் பற்றி ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் உலகத்தையே கையில் வைத்திருக்கும் ஒரு ராட்சசக் கம்பெனி மீது அந்த நாட்டு அரசாங்கமே வழக்குப் போட்டிருக்கிறதே, அது. இரண்டாகப் பிரி என்றார் ஒரு நீதிபதி. மேல்கோர்ட் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. இழுத்துக்கொண்டே போகிறது. “அங்கே திறந்தால் இங்கேயும் திறக்கும்” என்பது பாப்பிதாவின் கட்சி.

திறக்குமா? எனக்குச் சட்டமும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆகவே தைரியமாக ஜோசியம் சொல்லலாம். கதவு திறக்கும் — ஆனால் ஒருக்களித்து. உடைக்க மாட்டார்கள்; கொஞ்சம் இடம் விடு என்பார்கள். அந்த இடுக்கில் நாலு புதுக் கம்பெனிகள் நுழைந்து வளரும். வளர்ந்ததும்? அவையும் ஆளுக்கொரு பூட்டு வாங்கும். நாளைக்கு செல்போனுக்குள் நம் போட்டோ, பாட்டு, கடிதம் எல்லாம் போய் உட்காரும்போது மறுபடி ஒரு கேஸ் வரும், பாருங்கள்.

காமாட்சியின் பூட்டை எந்தக் கோர்ட்டும் திறக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ் இன்ஜினீயர், ஒரு கம்பெனி எழுத்தை இன்னொன்றாக மாற்றும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி, இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார். நம் பத்திரிகை ஆபீஸ்காரர் ஒருவர் அதைத் தேடி அனுப்பினார். இங்குமங்கும் சில புள்ளிகள் காணாமல் போயின. மற்றபடி எல்லாம் வந்துவிட்டது. காமாட்சி எனக்குச் சர்க்கரை தூக்கலாகக் காபி கொடுத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியம்.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சாந்த்ராகாச்சி காலனியிலிருந்து நாகராஜன் வந்தார். ரயில்வேக்காரர், மகள் கல்யாணப் பத்திரிகையைக் காமாட்சிதான் அழகாக அமைத்திருந்தாள். “தங்கச்சி, அதை ஒரு ஃப்ளாப்பியில போட்டுக் குடுத்துரும்மா. மதுரையில மச்சான் பிரஸ் வச்சிருக்கான். இனிமே எங்க காலனி ஆளுங்க எல்லாருக்கும் அங்கயே அடிச்சுக்கலாம்னு பாக்குறோம்.”

காமாட்சி ஃப்ளாப்பி ஒன்றைக் கையில் எடுத்தாள். முன்பெல்லாம் யாராவது ஃப்ளாப்பி கேட்டால், “அங்க தொறக்காது அண்ணாச்சி” என்பாள். அது உண்மையாகவும் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன பூட்டு இத்தனை நாளும் இவள் பிழைப்புக்கும் காவல் இருந்திருக்கிறது. இப்போது அந்த வாக்கியம் பொய். சொன்னால் நாகராஜன் நம்பிவிடுவார். ஒரு காலனியே கையில் நிற்கும்.

என்னைப் பார்த்தாள். நான் காபித் தம்ளரைப் பார்த்தேன். அடுத்தவர் பூட்டு அநியாயம். நம் பூட்டு பாதுகாப்பு. அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வக்கீலும் இதைத்தானே சொல்லியிருப்பார்?

“இருங்க அண்ணாச்சி, போட்டுத் தாரேன்.” கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் ஏதோ தட்டினாள். மதுரையிலும் திறக்கும்படி எழுத்தை மாற்றிக் காப்பி எடுத்துக் கொடுத்தாள். நாகராஜன் சந்தோஷமாகக் கிளம்பினார்.

திரையை எட்டிப் பார்த்தேன். பத்திரிகையின் அடியில், பொடி எழுத்தில், ஒரு புதிய வரி: ‘எழுத்து அமைப்பு: காமாட்சி, பெஹாலா’. பக்கத்தில் போன் நம்பர்.

“என்னடி இது?”

“பூட்டத்தானக்கா கூடாது? பேரு போடக் கூடாதுன்னு எந்தக் கோர்ட்டு சொல்லிச்சு?”

இந்தப் பத்தியையும் அவள்தான் அடிக்கிறாள்... அடியில் ஒரு போன் நம்பர் தென்பட்டால் ஆசிரியர் அதை வெட்டாமல் விடவும்.