எங்களையும் சம்பந்தி என்றவர்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்.

மனைவியோடும் நண்பன் குடும்பத்தோடும் நாங்கள் கூலிவேலை செய்த டெங்கில் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனபோது ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். எங்கள் சாதிக்குப் பின்வாசல்தானே என்று கடைக்குப் பின்னால் நடந்தோம்.

கடைக்குள்ளே பரிமாறியவருக்குப் பெரிய தொந்தி, வெற்றிலை வாய். வருகிறவர்களையெல்லாம் ‘சம்பந்தி’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்வாசலில் நின்ற எங்களையும், “சம்பந்தி, அங்க எச்சில் இலைதான் கெடக்கு. உள்ள வாங்க” என்று அழைத்து, நடுவில் உட்காரவைத்து இலை போட்டுச் சோறும் வைத்தார்.

பக்கத்தில் சாப்பிட்டவர் எழுந்துவிட்டார். “இவனுங்களும் உனக்குச் சம்பந்தியா?”

“ஆமா சம்பந்தி. புடிக்கலன்னா நீங்க பின்னாடி போங்க லா.”

சோற்றில் கைவைக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. பரிமாறியவரோ சாம்பாரை ஊற்றி, “ஆறிடும், பெசைங்க” என்றார்.

அவர் என்ன சாதியென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தைப்பூசத்துக்கு மறுநாள் எழுதியது.