மாப்பிள்ளையின் செருப்பு

எங்கள் தொழிலில் பிள்ளை பிறக்கும் நேரத்தில் நாங்கள் பக்கத்தில் இருப்பதில்லை. அதற்கு முந்திய மாதங்கள்தான் எங்கள் பாடு. காகிதத்தில் எனக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர், புத்தளத்து ஒழுங்கைகளில் மிட்வைஃப் மிஸ். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பது வேலை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பிழைக்கிற எவருக்கும், கிராம சேவகரோ மீட்டர் பார்க்கிறவரோ, என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

நோன்புக் கணக்கு

முதல் நாள் கேட்கவேண்டிய கேள்வி, கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது என்பது. பிரசவத் திகதியே அதில்தான் தொங்குகிறது. கேட்டவுடன் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். உப்பளத்துப் பக்கம் இருந்த ரிஸ்வானாவும் பார்த்தாள். இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை. மாமியாரோடு சேர்ந்து உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. மாமியார் ஜெமீலா, மருமகள் மாதவிலக்கால் இருபத்திமூன்றாம் நோன்பிலிருந்து ஏழு நோன்பு பிடிக்கவில்லை என்றும், விட்டதையெல்லாம் பிறகு திருப்பிப் பிடிக்கவேண்டும் என்பதால் தான் எண்ணி வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் முந்தல் ஊர்க்காரி, கோயிலுக்குப் போகிறவள், நோன்புக் கணக்குத் தெரியாது. கலண்டரை எடுத்துத் திகதியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிரசவம் டிசம்பர் கடைசியில். இவ்வளவு சுத்தமான திகதி எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஜெமீலா மாமி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"நோன்ப எண்ணுற வீட்டுல நாள மறக்க ஏலா மிஸ்."

பளபளப்பான அட்டை

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் அட்டை கொடுப்போம். நிறை, பிரஷர், இரத்தப் பரிசோதனை எல்லாம் மாதாமாதம் அதில் ஏறும். அதைத் தொலைக்காதே, நனைக்காதே என்று நான் நூறு தரம் சொல்வேன். சொன்னது ரிஸ்வானாவின் கணவன் ஃபாரூக்கின் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. உப்பு லொறி ஓட்டுகிறவன், வீட்டில் இருப்பதே குறைவு. இருந்த ஒருநாளில் அட்டையை டவுனுக்குக் கொண்டுபோய் லமினேட் செய்து வந்துவிட்டான்.

என் பேனா அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அதில் ஒட்டி, அதன்மேல் எழுதினேன். ஃபாரூக் பக்கத்தில் நின்று கவலையோடு பார்த்தான்.

"இதுவரைக்கும் எழுதினது பத்திரமா ஈக்கிது மிஸ், இனி எழுதாம இருந்தாச் சரி."

செருப்பு மாறிய கிளினிக்

கிளினிக்கில் நிறை பார்க்கச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும். ஒக்டோபர் கிளினிக்கன்று அங்கே ஒரு பெரிய ஆம்பிளைச் செருப்புச் சோடி கிடந்தது. விசாரித்ததில் அது ரிஸ்வானாவுடையது. தன் செருப்பு இறுக்கமாக இருக்கிறது, மாப்பிள்ளையுடையதைப் போட்டு வந்தேன் என்றாள். அன்று பிரஷர் சரியாக இருந்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன், செருப்பு இறுக்கம் என்றதை அட்டையில் எழுதவில்லை. கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் சோமா அக்காதான் சிரிக்காமல் அந்தச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தார்.

"புருஷன் வரல்ல, செருப்பாவது கூட வந்திருக்குதானே மிஸ்."

உப்புத்தண்ணிக் கால்

நவம்பரில் வீட்டுக்குப் போனபோது ரிஸ்வானா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். தலையிடி என்றாள். கால் இரண்டும் ஊதியிருந்தன. மாமி கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தார். உப்புத்தண்ணியில் நின்ற கால் அப்படித்தான் ஊதும் என்று எப்போதும் சொல்கிறதைச் சொன்னார். என் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது அவர் காலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே நானும் தலையாட்டினேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பிரஷர் கருவியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. நாளைக்குக் கிளினிக்குக்கு வா என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

உப்பளத்தைத் தாண்டும்போதுதான் கண்ணில் பட்டது. பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர். ஓர் ஆளும் இல்லை. மழை தொடங்கி ஒரு மாதமாக அங்கே யாருமே உப்பு வாரவில்லை. அப்படியானால் அவள் எந்த உப்புத்தண்ணியில் நின்றாள்? ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

பிரஷர் நூற்றி எழுபது. வயிற்றில் பிள்ளையோடு அந்த அளவு இருந்தால் எந்த நேரமும் வலிப்பு வரலாம், தாயும் பிள்ளையும் இரண்டுமே போகலாம். உடனே ஆஸ்பத்திரி என்றேன். ஃபாரூக் வரட்டும் என்றார் மாமி. பிரஷர் தன்னைப்போல வயசாளிகளுக்கு வருவது, சின்னப் பிள்ளைக்கு ஏது என்றார். வாதாட நேரமில்லை. கருவியை மாமியின் கையில் சுற்றினேன். நூற்றி நாற்பது. இரண்டு எண்ணையும் அவருக்குக் காட்டினேன். மாமி அடுப்பை அணைத்தார்.

"வருஷக்கணக்கா நான் மருந்து குடிக்கிறன், இவ ஒண்டுமே குடிக்கல்லியே. த்ரீவீலக் கூப்பிடுங்க மிஸ்."

கேட்காமல் விட்ட கேள்வி

அன்றே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஆறு வாரம் முந்தி, இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ரிஸ்வானா கண் திறக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தபிறகு பார்க்கப் போனேன். ஜெமீலா மாமி கதிரை போட்டு, பிளேன்டீயும் கொடுத்தார். பிள்ளையை என் மடியில் வைத்தார். நான் திரும்பி வந்திராவிட்டால் இரண்டு மையித்தை அடக்கம் செய்திருப்போம் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எதிரே உட்கார்ந்து, கோபமே இல்லாமல், நோன்பு எண்ணுகிற அதே குரலில் கேட்டார்.

"திரும்பி வந்தீங்க, சரி. முதல்ல ஏன் மிஸ் போனீங்க?"

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளைத்தாச்சியின் முகத்தைப் பார்க்க முந்தி வாசலில் கிடக்கிற செருப்பு யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஊரில் என்னைச் செருப்பு மிஸ் என்கிறார்களாம்.